சேமக்காலைக்கு முன் ஒரு கோபுரம்

அக்காவுக்கு விசா கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் எங்கே போகக் கேட்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை. அகதியாக ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரே ஹைமில், அகதிகள் விடுதியில், ஒரே அறையில், எனக்கு மேல் கட்டிலில் படுத்த நண்பனின் மூத்த சகோதரி. மன்னார்க்காரர். டோர்ட்மண்டில் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்காக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கலியாணம் முடிந்த மறுநாளே என் மனைவிக்குப் போன் எடுத்து ஒரே ஒரு காரியம்தான் கேட்டார்.

“தம்பி இருந்த ஊரை ஒருக்காக் காட்டுவீங்களோ பிள்ளை? ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவன்ரை குழியிலை ஒரு திரி கொளுத்தவேணும்.”

மனைவி என்னைக் கேட்காமலே ஓம் என்றுவிட்டாள்.

நண்பன் செத்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. அது சீனி எடுக்கும் பீட்கிழங்கைக் கிண்டும் காலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போய்விட்டுத் திரும்பி வந்தவனை, மூடுபனிக்குள் கிழங்கு ஏற்றிவந்த லொறி அடித்தது. அவன் வேதக்காரன் என்பதால் எரிக்கவில்லை. ஹைம் இருந்த ஊரின் கல்லறைத் தோட்டமான சேமக்காலையிலேயே நகரசபை தாட்டது. ஹைமில் இருந்த நாங்கள்தான் பெட்டியைத் தூக்கினோம். பிறகு ஒவ்வொருவராக அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். நான் ரூர் தொழிற்பகுதிப் பக்கம் வந்து பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அக்காவின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். மகன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். இரண்டு பேருடைய உடம்பையும் அவர் காணவில்லை. மிஞ்சியது ஊரில் இருக்கும் ஒரு மகள்தான். “எங்கடை வீட்டிலை போனவையிலை, போய் நிண்டு அழ ஒரு இடம் இருக்கிறது இவனுக்கு மட்டும்தான்” என்று போனிலேயே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதை அவள் எனக்குச் சொன்னபோது நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். தீட்டினது போதும் என்று அவள் வந்து பைப்பைப் பூட்டும்வரை தீட்டிக்கொண்டே நின்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முதல் கிழமை, வேலையிடத்தில் என்னோடு பாண் அடுக்கும் ஜெர்மன்காரி ஒருத்தி தன் தாயின் குழியைப் பற்றிச் சொன்னாள். காலம் முடிந்துவிட்டதாம். கல்லை எடுத்து, மண்ணைச் சமப்படுத்திவிட்டார்களாம். எனக்கு முதலில் விளங்கவில்லை. “இந்த நாட்டில் செத்தவனும் வாடகைக்குத்தான் இருக்கிறான்” என்று சொல்லி அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் எரிக்கிற வழக்கம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் அலுவல் முடிந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, தாட்டவனுக்கும் தவணை உண்டென்று யார் சொல்லித்தந்தது? அக்காவின் ஊரிலோ குழி என்றால் குழிதான். கோயில் இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

நகரசபைக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எண்ணைத் தேடி வைத்துவிட்டு, அழுத்தாமல் இருந்தேன். கேட்காதவரைக்கும் குழி இருந்தது.

புறப்படும் நாள் காலையில் கார்ச் சில்லுகளுக்குக் காற்று பார்த்தேன். பிறகு வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று ஏறிப்போய்ப் பார்த்தேன். அடுப்பையும் பார்த்தேன். முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா பின் சீற்றில் ஏறி உட்கார்ந்து, மடியில் மெழுகுதிரிப் பையை வைத்துக்கொண்டு செபமாலையை உருட்டத் தொடங்கிவிட்டார்.

“அக்கா, குறை நினையாதேங்கோ,” என்றாள் மனைவி. “இவர் கலியாண வீட்டுக்குப் போனாலும் பொலிஸ் தேடிவருகுது எண்ட மாதிரித்தான் வெளிக்கிடுவார்.”

“பயந்த மனுசர் நல்லவை பிள்ளை,” என்றார் அக்கா. “எங்கடை வீட்டிலை பயமில்லாததுகள்தான் எல்லாம் போனதுகள்.”

ஹனோவரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மேடு பள்ளம் எல்லாம் முடிந்து, நிலம் தட்டையாக விரிந்துவிடும். மரம் இல்லை, வேலி இல்லை. கிண்டிப்போட்ட மண்ணும், வயலோரத்தில் குவித்து வைத்த கிழங்கும், மின்சாரக் காற்றாடிகளும். ஹைமில் இருந்த காலத்தில் இந்த வெளியைப் பார்த்து எனக்கு நெஞ்சடைத்தது உண்டு. எங்கே நின்றாலும் யாரோ தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும்.

“மன்னார் மாதிரித்தான் கிடக்கு,” என்றார் அக்கா. “கடல் ஒண்டுதான் இல்லை.”

ஊருக்குள் வந்து சந்தைச் சதுக்கத்தில் காரை நிற்பாட்டினேன். ஒரு சனம் இல்லை. அங்கே ஒரு பலகை; ஊரின் பழைய இடங்களைப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். தேவாலயம், நூதனசாலை, பழைய நகர மதிலின் கோபுரம், கடைசியாகச் சேமக்காலை. அந்த ஊரில் அவ்வளவு காலம் இருந்தும் இவற்றில் ஒன்றுக்குள்ளும் நாங்கள் கால் வைத்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சமூக உதவிக் கந்தோரும், மலிவுக்கடையும், ஹைமுக்குப் போகும் கல் ரோட்டும்தான்.

“அக்கா, முதல்லை ஊரைச் சுத்திப் பாப்பம்,” என்றேன். “தம்பி இருந்த இடம்தானே.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் படத்துக்குப் போவோம் என்றாலே நான்கு காரணம் சொல்லி மறிக்கிற மனுசன் நான்.

அக்கா மகிழ்ந்துபோனார். “ஓம், ஓம். அவன் பாத்ததெல்லாம் பாக்கவேணும்.”

தேவாலயம் பூட்டியிருந்தது. செங்கல்லால் கட்டிய, கோட்டை மாதிரியான கட்டடம். அக்கா கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை என்றதும் சுற்றிவந்து மாதா சுரூபம் தேடினார்.

“இது வேறை சபை அக்கா. இஞ்சை மாதா இல்லை.”

“அதுதான் அடுத்த ஊருக்குப் போனவனோ?”

“ஓம்.”

“இந்தக் கதவு எங்கடை ஆக்களின்ரை கதவா இருந்திருந்தால்…” என்று தொடங்கினார்.  சுவரில் இரண்டு உலகப்போரிலும் செத்த ஊர்ப் பெடியள்களின் பெயர்களை வெட்டியிருந்தார்கள். அக்கா விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டுக்கொண்டே நடந்தார். எழுத்து நன்றாக ஆழமாக வெட்டியிருக்கிறது என்றார்.

நூதனசாலை ஒரு பழைய தானியக் களஞ்சியம். உள்ளே குளிர். நவம்பரில் யாரும் வருவதில்லைப் போல. மேசையில் இருந்த வயதானவர் எங்களைக் கண்டதும் எழும்பிப் போய் ஒவ்வொரு விளக்காகப் போட்டார். கிழங்கு கிண்டும் கவர்முள், கலியாணச் சட்டை, பள்ளிக்கூட வாங்கு என்று எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்தினார். நான் தமிழில் சொன்னேன். விளங்காத இடத்தில் ‘பழைய சாமான்’ என்று சொன்னேன்.

“இவர் இவ்வளவு நேரம் கதைக்கிறார், உங்களுக்கு ரெண்டு சொல்லுத்தான் வருகுது,” என்றாள் மனைவி.

கடைசி அறையில் ஒரு மரக் கைவண்டில். இரண்டாம் உலகப்போர் முடிந்த குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து ஓடிவந்த சனம் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் வண்டிலின் ஒரு மூலையைக் காட்டி, தான் கைக்குழந்தையாக அதில்தான் கிடந்து வந்ததாகச் சொன்னார். நான் இதை ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அக்கா வண்டிலைக் குனிந்து பார்த்தார்.

“நாங்களும் சண்டைக்கு ஓடி உழவு மெசினிலை வந்தனாங்கள் எண்டு சொல்லும் தம்பி. மடுவிலையிருந்து.”

சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“வழியிலை இவையின்ரை ஆக்கள் ஆரும் போனவையோ எண்டு கேளும்.”

கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்: தனக்கு மூத்த ஒரு சகோதரி, நடக்கத் தொடங்கிய வயது. நிலம் உறைந்து கிடந்ததால் தோண்ட முடியவில்லை. ரோட்டோரத்தில் வைத்துவிட்டு வந்தார்கள்.

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “எனக்கு ஆண்டவர் ஒரு குழியையாவது மிச்சம் வைச்சவர்,” என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க ஏலாமல் போயிற்று. அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது என்ற துணிச்சலில், சிரித்த முகத்தோடு, இந்த ஊர்ச் சேமக்காலையில் சாதாரணக் குழிகளைக் காலம் முடிந்தால் எடுத்துவிடுவார்களா என்று அந்த மனிதரைக் கேட்டேன். எடுப்பார்கள் என்றார். நகரசபை தாட்ட வரிசைக்குழி என்றால் நீட்டிக்கவும் முடியாது. எங்கேயும் அப்படித்தானே? போரில் செத்தவர்களின் குழிகள் மட்டும் சட்டப்படி எப்போதைக்கும் இருக்கும். வேற்றுநாட்டுக் கைதிகளும் அங்கே கிடக்கிறார்கள், போய்ப் பாருங்கள், நன்றாகப் பராமரிக்கிறோம் என்றார்.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“சேமக்காலை வடிவா இருக்குமாம்.”

கோபுரத்துக்குப் பூட்டுப் போட்டிருந்த காலம் அது. ஆனால் அந்த மனிதர் எங்களுக்காகத் திறப்பை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அக்காவுக்கு முழங்கால் நோ, ஏற ஏலாது. கீழே வாங்கில் அவரும் அந்த மனிதரும் உட்கார்ந்தார்கள். அவர் போத்தலிலிருந்து மூடியில் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நானும் மனைவியும் ஏறினோம். படிகள் இருட்டு, புறா எச்சம். பாதியில் மனைவி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இப்ப சொல்லுங்கோ. அந்தாள் என்ன சொன்னது?”

சொன்னேன்.

அவள் சட்டையை விட்டாள். பிறகு, “உங்களுக்கு எத்தினை நாளாத் தெரியும்?”

“தெரியாது. பயமாத்தான் இருந்தது.”

“உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்லை? மழை வந்தாலும் பயம், வராட்டிலும் பயம். நான் எதை எண்டு கண்டுபிடிக்கிறது?”

உச்சியில் காற்று காதைக் கிழித்தது. நாலாபக்கமும் மண்நிற வெளி. ரோடுகள் கோடு கோடாய்ப் போயின. எந்த ரோட்டில் அவனை அடித்தது என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஊர் முடியும் இடத்தில் சேமக்காலை. வேலி தெரிந்தது. வேலிக்கு உள்பக்கமாக, நாங்கள் பெட்டியை இறக்கிய மூலையில், வரிசை வரிசையாக மரச் சிலுவைகள் நிற்கவேண்டிய இடத்தில், வெறும் பச்சை. சவர்க்காரம் போட்டுக் கழுவிய மாதிரி ஒரு பச்சை.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “சேமக்காலை தெரியுதோ தம்பீ?”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். “பனி அக்கா! ஒண்டும் தெரியேல்லை!”

அன்றைக்குப் பனியே இல்லை. அக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். 

இறங்கி வரும்போது மனைவி சொன்னாள், “வாசல்லை வைச்சே சொல்லிப்போடுங்கோ. உள்ளை போய்த் தேட விடாதேங்கோ.” நான் ஓம் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மனிதரிடம் விடைபெற்று, சேமக்காலை வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் வந்தவை போர்க்குழிகள். ஒரே உயரத்தில் சின்னச் சின்னக் கற்கள், இரும்பு வேலிக்குள் நேர்கோட்டில். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொரு கல்லடியிலும் ஊதாப் பூச்செடி வைத்திருந்தார்கள்.

“இதுகள் ஆர்?”

“சண்டைக் காலத்திலை பிடிச்சுக்கொண்டு வந்த வெளிநாட்டுச் சனம் அக்கா. வயல்லை வேலை வாங்கினவை. இஞ்சையே செத்தவை.”

அக்கா நின்று வரிசையைக் கண்ணால் அளந்தார். முகம் மெல்ல இளகியது. காலையிலிருந்து அவர் உடம்பில் இருந்த இறுக்கம் எல்லாம் விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது.

“வந்த சனத்துக்கே இப்பிடி வைச்சிருக்கினம்,” என்றார். “நல்ல சனம். நான்தான் சும்மா பயந்தனான், தம்பி. காடுபத்தியிருக்கும், மண்வெட்டி இல்லாமல் வந்திட்டன் எண்டு.”

அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? அவர் எனக்கு முன்னால் நடந்தார். முழங்கால் நோவோடு, வழி தெரியாமலே, வேகமாக நடந்தார். மனைவி பின்னாலிருந்து என் முதுகில் இடித்தாள். மூலைக்கு வந்தோம். புல். அக்கா புல்லைத் தாண்டி வேலியைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் வயல். திரும்பி என்னைப் பார்த்தார்.

“எங்கை?”

“இதுதான் அக்கா.”

“எது?”

இலை கூட்டிக்கொண்டு நின்ற வேலைக்காரன் எங்களைக் கண்டு வந்தான். நல்லவன்தான். அந்த வரிசை சில வருடங்களுக்கு முன் எடுத்தாயிற்று என்றான். முன்கூட்டியே சிலுவையில் அறிவித்தல் ஒட்டினார்கள், யாரும் வரவில்லை. சிலுவை உக்கிப்போயிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆளை நாங்கள் எடுப்பதில்லை, மேலேதான் துப்புரவாக்கினோம், அவர் கீழே அப்படியே இருக்கிறார் என்றான். வருகிற வருடம் இதற்குள் சாம்பல் பெட்டிகள் புதைக்கத் தொடங்குவார்களாம்.

இந்தத் தடவை ஒன்றையும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அக்கா அழுவார், விழுவார், என்னைப் பிடித்து ஏசுவார் என்று எல்லாவற்றுக்கும் நான் வழிநெடுகத் தயாராகி வந்திருந்தேன். காரில் குளுக்கோசு கூட வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“ஆற்றையோ சாம்பலை இவனுக்கு மேலை வைப்பினமோ?”

“ஓம் அக்கா.”

“எங்கடை ஊரிலையும் ஒரே குழிக்குள்ளை வைக்கிறதுதான். அப்பாவுக்கு மேலை அம்மா. அது சொந்தம்.” புல்லைப் பார்த்தார். “இவனுக்கு மேலை வரப்போறது ஆரெண்டு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

பிறகு இடத்தைச் சரியாகக் காட்டச் சொன்னார். தண்ணீர்ப் பைப்பிலிருந்து வேலிப்பக்கமாக என்பதுதான் எனக்கு ஞாபகம். பைப்பை இடம் மாற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். நான் நடந்தேன், திரும்பினேன், பெட்டி பாரத்தில் தோள் வலித்ததை நினைத்தேன். ஒரு இடத்தில் நின்று, “இதிலை” என்றேன்.

“நிச்சயமோ?”

“நிச்சயம் அக்கா.”

புல்லில் ஒன்றும் வைக்கக் கூடாது, வெட்டும் மெசினுக்கு இடைஞ்சல் என்று வேலைக்காரன் சொன்னான். சொல்லிவிட்டு, வசந்தம் வரைக்கும் யாரும் வெட்டப்போவதில்லை என்று தானாகவே சேர்த்துச் சொல்லி, கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அக்கா ஈரப் புல்லில் முழங்காலில் இருந்து திரியைக் கொளுத்தினார். காற்றுக்கு நிற்கவில்லை. மனைவி குனிந்து சால்வையைப் பிடித்தாள். அக்காவின் செபம் எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றோம்.

காரில் ஏறினோம். ஊரைவிட்டு வெளிக்கிட்டு வயல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார், “உம்மை எரிப்பினமோ, தாப்பினமோ?”

“எங்கடை ஆக்கள் எரிக்கிறது அக்கா.”

“இவரை எரிச்சாலும் பயத்திலை எழும்பி ஓடிப்போவார்,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். அக்கா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

“எரிக்கிறதுதான் நல்லது போல,” என்றார். “எரிச்சால் ஆரும் கிண்டேலாது.” பூசை தவறாத மன்னார்க்காரர் வாயிலிருந்து வந்த இந்தச் சொல்லைக் கேட்டு நான் வேகத்தைக் குறைத்தேன்.

அப்போது அவர் போன் அடித்தது. ஊரிலிருந்து மகள். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் அவருக்குப் பேசத் தெரியும். ஆகவே எங்களுக்கும் கேட்டது.

“போனீங்களோ அம்மா? மாமான்ரை குழி எப்பிடி இருக்கு?”

அக்கா யன்னல் வழியே வயலைப் பார்த்தார். “வடிவா வைச்சிருக்கினம் பிள்ளை. சின்னக் கல்லு, வரிசையா. புல்லு வெட்டி, ஊதாப் பூ வைச்சு. சுத்திவர இரும்பு வேலி. எப்பவும் இருக்குமாம், ஆரும் எடுக்கமாட்டினமாம்.”

“கடவுளே! படம் எடுத்தனீங்களோ?”

“ஓம். கார் ஓட்டுற தம்பியின்ரை போனிலை கிடக்கு. அனுப்பச் சொல்லுறன்.”

அவர் போனை மடியில் வைத்தார். கண்ணாடியில் பார்த்தேன்; கண்ணை மூடியிருந்தார். நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். படம் இல்லை என்று எப்படிச் சொல்வது, வேறு எங்கேயாவது எடுத்தால் மகள் கண்டுபிடித்துவிடுவாளா, இது பாவமா, யாருடைய பாவம் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“திருப்புங்கோ,” என்றாள் மனைவி.

டிராக்டர் நுழையும் மண்பாதை ஒன்றில் இறக்கித் திருப்பினேன். சேமக்காலைக்குத் திரும்பி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அக்கா காரிலிருந்து இறங்கவில்லை. நானும் மனைவியும் இரும்பு வேலிக்குள் போனோம். முதல் கல்லுக்கு முன்னால் நின்று போனைத் தூக்கினேன்.

“அதை விடுங்கோ,” என்றாள் மனைவி. “அதிலை பேர் இருக்கு. பேர் இருக்கிறவனுக்கு எங்கையாவது ஒரு வீட்டிலை ஆள் இருக்கும். பேரில்லாதது ஒண்டு பாருங்கோ.”

கடைசி வரிசையில் இருந்தது. பெயர் இல்லை, ‘அறியப்படாதவர்’ என்று மட்டும் வெட்டியிருந்தது. அந்த எழுத்தும் தெரியாதபடி அவள் பூச்செடியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தாள். வெளிச்சம் குறைந்ததால் படம் மங்கலாகத்தான் வந்தது. அதுவே நல்லது என்றாள். அவள் செடியை நிமிர்த்தி மண்ணை அமுக்கி முடிக்கும்வரை நின்று, படத்தை மன்னாருக்கு அனுப்பினேன்.